திறக்காத பதினோரு ஃபைல்கள்

1

மஸ்கட்டில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் போன மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்களுக்குக் கொடுக்கும் பாடக் குறிப்புகள் எல்லாம் அவர்கள் கையில் இருக்கும் எந்தக் கருவியிலும் தட்டியவுடன் திறக்க வேண்டும், இன்ன வடிவத்தில் மட்டும்தான் ஏற்ற வேண்டும், ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகப் படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று. ஒரு பாடத்துக்கு நாற்பது ஃபைல் என்றால் நாற்பது படிவம். ஆசிரியர் அறையில் ஒரே புலம்பல். எதிர் மேஜை எகிப்துக்காரர், "இருபது வருடமாக என் குறிப்புகளைத் திறக்காமலேதான் எல்லோரும் பாஸ் செய்கிறார்கள், இப்போது மட்டும் திறந்து என்ன ஆகப்போகிறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. படிவத்தில் ஆறாவது கேள்வி இது: "இந்த ஃபைலை உங்களுடையது அல்லாத வேறொரு கணினியில் திறந்து பார்த்தீர்களா?" ஆம், இல்லை என்று பக்கத்தில் இரண்டு கட்டம். ஒரு டிக் போட எவ்வளவு நேரம் ஆகும்? நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கணினிப் பிரிவில் இருக்கும் திருச்சூர்ப் பையன் ஜோபி அந்தப் பக்கம் வந்தவன், "டீச்சருக்கு என்ன சந்தேகம்?" என்று கேட்டான். சந்தேகம் ஒன்றும் இல்லை என்றேன். பதினேழு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் முத்துப்பேட்டைப் பக்கத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கை வேறு வழியில் போயிருக்கும். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்கிறேன்.

2

அப்போது நான் முத்துப்பேட்டையிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் இருந்த ஒரு சுயநிதிப் பெண்கள் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஓர் ஆண் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்த காலம். என் வீட்டுக்காரர் ஜமால் மஸ்கட்டில் ஒரு டயர் கம்பெனியில் கணக்கர். நிக்காஹ் முடிந்து மூன்று வருடத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது இரண்டு விடுமுறைதான். "விசா எடுக்கிறேன், எடுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர், நான் நம்பிக்கையை விட்ட பிறகு எடுத்துவிட்டார். தை பிறந்து, சம்பா அறுவடைக்காகப் பிள்ளைகள் லீவு போட்டுக்கொண்டிருந்த வாரம் அது. கடைசிப் பருவத் தேர்வுக்கு மூன்று மாதம் கூட இல்லை.

தாளாளரிடம் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"புருஷங்கிட்ட போறவங்கள நான் நிறுத்த முடியுமாம்மா? ஆனா இந்த நேரத்துல புதுசா ஆள் போட யாரு கெடைப்பாங்க? ஒண்ணு பண்ணுங்க. அங்கேருந்து நோட்ஸ் மட்டும் அனுப்பி விட்டுடுங்க. புள்ளைங்க பாத்துக்கும்."

எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. கடைசி வகுப்பில் இருபத்தாறு பெண்களும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாராவாரம் வியாழக்கிழமை மெயிலில் பாடம் வரும், நான் இந்தப் பலகை முன்னால் நிற்பதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது என்று வாய் கூசாமல் சொன்னேன். கல்லூரியில் கணினி அறை ஒன்று இருந்தது, பூட்டும் இருந்தது, இணையம் இல்லை. அதனால் வகுப்புக்குப் பொதுவாக ஒரு மெயில் முகவரி தொடங்கிக் கொடுத்து, முத்துப்பேட்டையில் விஜயா என்ற பெண் நடத்திய பிரவுசிங் சென்டருக்கு வாரம் ஒருமுறை போய் எடுத்து வரும் வேலையைச் செல்வராணியிடம் ஒப்படைத்தேன்.

செல்வராணி வகுப்பு லீடர். தில்லைவிளாகம் பக்கத்து ஊர். அப்பா குத்தகை நிலத்தில் பயிர் வைப்பவர். அவளைச் சேர்க்க வந்த அன்றே அவர் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "மூணு வருஷம் படி. அதுக்கு மேல ஒரு நாளு கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். தாளாளரின் அண்ணன் மன்னார்குடிப் பக்கம் பி.எட். கல்லூரி நடத்தினார். வருடா வருடம் எங்கள் கல்லூரியில் அரியர் இல்லாமல் முடிக்கும் ஒரு பெண்ணுக்கு அங்கே ஃபீஸ் இல்லாமல் ஓர் இடம் உண்டு. அந்த வருடம் அது செல்வராணிக்குத்தான் என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஃபீஸ் கிடையாது என்றால் அப்பாவிடம் இன்னும் ஒரு வருடம் கேட்டுப் பார்க்கலாம் என்பது அவள் கணக்கு. எல்லாத் தாளும் எழுதிவிடுவாள். புள்ளியியல் ஒன்றுக்குத்தான் பயப்படுவாள்.

"நீங்க போயிட்டா நான் போச்சு மிஸ்" என்றாள்.

"நான் எங்க போறேன்? மெயில்லதானே இருப்பேன்" என்றேன்.

3

மஸ்கட் வந்த முதல் மாதம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில் போயிற்று. ரத்தப் பரிசோதனை, கைரேகை, புகைப்படம். என் பெயர் மெஹருன்னிசா. பாஸ்போர்ட்டில் பின்னால் அத்தாவின், அதாவது அப்பாவின், பெயர். இங்கே கடைசியில் இருப்பதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டு, போகுமிடமெல்லாம் "அப்துல் கரீம்" என்று கூப்பிட்டார்கள். மருத்துவமனையில் அத்தாவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டும் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வரிசை போய், மறுநாள் திரும்பப் போக வேண்டியதாயிற்று.

இந்த அலைச்சலுக்கு நடுவிலும் புள்ளியியலை விடவில்லை. ஜமால் எனக்காகப் புது மடிக்கணினி வாங்கி வைத்திருந்தார். அதில் அப்போதுதான் வந்திருந்த புது மென்பொருள். சூத்திரங்களைப் புத்தகத்தில் இருப்பது போலவே கட்டம் கட்டி எழுதலாம். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பரீட்சையைத் தமிழில் எழுதுபவர்கள்; ஆகவே விளக்கம் முழுவதும் தமிழில் அடித்தேன். அதற்கென்றே கும்பகோணத்தில் ஒரு கடையில் தமிழ் எழுத்துரு வட்டு வாங்கிக் கொண்டுவந்திருந்தேன். தலைப்பு நீலம், முக்கியமான வரி சிவப்பு. ஒரு பாடத்துக்கு நான்கு நாள் பிடித்தது. ஜமால் எட்டிப் பார்த்துவிட்டு, "அச்சாபீஸ்காரன் தோத்தான் போ" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வியாழக்கிழமை அனுப்புவேன். சனிக்கிழமை சாயங்காலம் பதில் வரும். செல்வராணி ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டியிருப்பாள்: "மிஸ், நோட்ஸ் கிடைத்தது. எல்லாரும் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டோம். ரொம்ப நன்றி மிஸ். உடம்பைப் பாத்துக்கோங்க." பதினோரு வாரம், பதினோரு ஃபைல், பதினோரு நன்றி. அந்தக் கடையில் தமிழ் எழுத்தில் அடிக்க முடியவில்லை என்பது அந்தப் பதில்களிலேயே இருந்தது. அதைப் பதினோரு முறை பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

சந்தேகம் ஏதும் இருந்தால் கேளுங்கள் என்று ஒவ்வொரு மெயிலின் அடியிலும் எழுதினேன். ஒருத்தியும் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. நான் அவ்வளவு தெளிவாக எழுதுகிறேனாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

4

ஒன்றரை வருடம் கழித்து, ஆறு மாதக் கைக்குழந்தையோடு முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். மஸ்கட் கல்லூரியில் வேலைக்கு விண்ணப்பிக்கப் பழைய கல்லூரியின் அனுபவச் சான்றிதழ் வேண்டும். அதில் முத்திரை, முத்திரை மேல் இன்னொரு முத்திரை. அதற்காகக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் தங்கராசு நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ சொல்லி, பழைய பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்க பேட்ச்சுதான் மிஸ் கடைசில கவுந்திருச்சு" என்றார்.

"எந்தப் பேட்ச்?"

"நீங்க போன வருஷம் முடிச்ச புள்ளைங்கதான். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல இருபத்தாறுக்குப் பத்தொம்போது போயிருச்சு. பேப்பர் டஃப்பாம். நீங்களும் அங்கேருந்து எவ்வளவு பாடுபட்டு அனுப்புனீங்க. புள்ளைங்க பொத்திப் பொத்தி வச்சிருந்துச்சுங்க மிஸ். இருங்க, ஒரு புள்ள போன மாசம் கொண்டாந்து குடுத்த செட்டு இங்க டிபார்ட்மென்ட் பீரோலகூடக் கெடக்கு."

எடுத்து வந்து கொடுத்தார். சணல் நூலால் தைத்து, பிரவுன் அட்டை போட்டு, மேலே லேபிள் ஒட்டியிருந்தது: செல்வராணி, மூன்றாம் ஆண்டு கணிதம். முதல் பக்கத்தின் தலைமாட்டில் பேனாவால் பிள்ளையார் சுழி. பக்கத்திலேயே இன்னொரு கையெழுத்தில் 786. அது அவளோடு பிரவுசிங் சென்டருக்குத் துணைக்குப் போகும் நூர்ஜஹானின் வேலையாக இருக்கும்.

அதற்குக் கீழே இருந்தது நான் எழுதிய பாடம் இல்லை. அது எந்த மொழியும் இல்லை. கொக்கியும் கேள்விக்குறியும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளும் வரிவரியாக ஓடின. சூத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் கட்டம். நான் வாங்கிய தமிழ் எழுத்துரு என் கணினியில் மட்டுமே இருந்தது. விஜயாவின் கடையில் இல்லை. அங்கே இருந்த பழைய மென்பொருளுக்கு என் புதுச் சூத்திரங்கள் தெரியவில்லை. எண்கள் மட்டும் தப்பி வந்திருந்தன. 12, 15, 18, 21.

அந்த எண்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. ஓரத்தில் செல்வராணியின் குண்டு குண்டான எழுத்து: "கூட்டினால் 66. நாலால் வகுத்தால் 16.5. அப்புறம்?" அடுத்த பக்கத்திலும் எண்களைத் தேடிப்பிடித்து எதையோ கூட்டி, எதையோ கழித்து, கடைசியில் அப்புறம் என்று ஒரு கேள்விக்குறி. பதினோரு பாடத்திலும் அப்படித்தான். இதையா இருபத்தாறு பேரும் காசு போட்டு ஜெராக்ஸ் எடுத்து, தைத்து, அட்டை போட்டு, சாமி பெயரை எழுதிப் படித்தார்கள்? தங்கராசு டீ ஆறுகிறது என்றார். நான் குடிக்கவில்லை.

5

தங்கராசு சொன்னபடியே செல்வராணி திருத்துறைப்பூண்டியில் ஒரு ஜவுளிக்கடையில், ஜாக்கெட் துணிப் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். புள்ளியியல் முதல் தடவை போய், இரண்டாம் தடவையும் அதே ஜெராக்ஸை வைத்துப் படித்து எழுதி, அதுவும் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பாப்பாவ ஏன் மிஸ் தூக்கிட்டு வரல?" என்றுதான் முதலில் கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கடையில் கூட்டம் இல்லை. பிரித்துப் போட்டிருந்த துணிகளை மடித்துக்கொண்டே பேசினாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அதை மறைத்து எழுதிப் பயனில்லை. வெட்கம் எல்லாம் பிறகுதான் வந்தது.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா செல்வராணி? தெறக்கலன்னு சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"தெறந்துச்சே மிஸ். தெறக்காம இல்ல. எங்களுக்கு வெளங்கல, அவ்ளோதான்."

"அது எழுத்தே இல்லம்மா. கெட்டுப்போன ஃபைலு."

"அது எங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்? விஜயாக்கா, மேல்படிப்புக் கணக்கு இப்பிடித்தான் இருக்கும்னாங்க. நூர்ஜஹான், அரபு நாட்டுலேர்ந்து வர்றதால இப்பிடி இருக்குமோன்னா. நாங்க எல்லாம் ஒக்காந்து பாத்தோம். மிஸ் அனுப்புனது தப்பா இருக்காது, நம்ம மண்டையிலதான் ஏறலன்னு முடிவு பண்ணிட்டோம்."

"அப்ப வாரா வாரம் கெடச்சுது, நன்றின்னு எழுதுனியே?"

"கெடச்சுதுதானே மிஸ்?"

அவள் ஒரு துணியை மடித்து அடுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"மூணாவது வாரம் எழுதலாம்னுதான் போனேன். நூர்ஜஹான் வேணாம்னுட்டா. மிஸ் புது எடத்துல ஒக்காந்து நமக்காக அடிக்கிறாங்க, வெளங்கலன்னு சொன்னா மனசு விட்டுப்போயி அனுப்புறதையே நிறுத்திட்டாங்கன்னா? இதாவது வந்துக்கிட்டு இருக்கட்டும்னா. எனக்கும் அது சரின்னு பட்டுச்சு."

பெரியவர்கள் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு உப்பு இல்லை என்று சொல்லாத வீடுகள் எங்களுடையவை. என் வீடும் அப்படித்தான். நான் வகுப்பில் "புரியுதா?" என்று கேட்டால் இருபத்தாறு தலையும் ஆடும். அது மரியாதை என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் நான் விமானம் ஏறினேன்.

"திரும்ப எழுது. இந்தத் தடவ நான் பாத்துக்கறேன்" என்றேன். "சரி மிஸ்" என்று தலையாட்டினாள்.

6

இப்போது நான் கற்பிக்க வாய்த்திருப்பவர்கள் வேறு மாதிரி. போன வாரம் ஓர் ஓமானி மாணவி வகுப்பின் நடுவில் எழுந்து, "மிஸ், உங்கள் மூன்றாவது ஃபைல் என் போனில் திறக்கவில்லை, மாற்றிப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தயக்கம் இல்லை, ஒரு 'மன்னிக்கவும்' கூட இல்லை. வந்த புதிதில் இப்படி யாராவது பேசினால் எனக்குச் சுள்ளென்று ஏறும். அரபியில் சரியான வார்த்தை வராமல் ஆங்கிலமும் தமிழும் கலந்து உளறுவேன். இப்போது அன்றைக்கே மாற்றிப் போட்டு, அவள் பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறேன். வகுப்பே என்னை விசித்திரமாகப் பார்க்கிறது.

வீட்டில்தான் தடுமாற்றம். மகள் அஃப்ராவுக்குப் பதினாறு வயது. அவளுக்கு நான் தமிழில்தான் செய்தி அனுப்புவேன். சாப்பாடு எங்கே இருக்கிறது, ஊரில் உம்மும்மாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, போன் செய், மழைக்காலத்தில் கோரையாறு இரண்டு கரையும் தொட்டு ஓடுவதை மாமா படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் என்று நீளமாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் படம் வரும். பிள்ளை தமிழை விடவில்லை என்று ஊரில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். சுற்றறிக்கை வந்த அன்று சாயங்காலம், என்னவோ தோன்றி, அவளை உட்காரவைத்து என் செய்தி ஒன்றை வாசிக்கச் சொன்னேன். இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டாள்.

"அப்ப கட்டைவிரல் எதுக்குடி போட்ட?"

"நீங்க இவ்ளோ டைப் பண்றீங்களேம்மா. படிக்கத் தெரியலன்னா ஃபீல் பண்ணுவீங்க."

ஓமானில் பிறந்து வளர்ந்தாலும் பிள்ளை இந்த ஒரு விஷயத்தில் சரியாக முத்துப்பேட்டைக்காரியாக வந்திருக்கிறாள். இனிமேல் குரலில் பேசி அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எழுத்தை வெள்ளிக்கிழமைகளில் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

7

அந்த முதல் விடுமுறை முடிந்து மஸ்கட் திரும்பியதும் செல்வராணிக்கான பாடங்களைக் கையால் எழுதினேன். வரிக்கோடு போட்ட தாளில், கறுப்பு மையில், பக்கத்துக்குப் பத்து வரிக்கு மேல் போகாமல். அதை ஜமாலின் அலுவலகத்தில் படமாக எடுத்து அனுப்பினேன். படம் என்றால் எந்தக் கணினியிலும் படமாகத்தான் இருக்கும். நீலமும் சிவப்பும் இல்லை, கட்டமும் இல்லை. விஜயாவின் கடை எண் வாங்கி வைத்திருந்தேன். சனிக்கிழமை நானே போன் போட்டு, "கெடச்சுதான்னு கேக்க மாட்டேன், மொத வரிய வாசிச்சுக் காட்டு" என்பேன். அவள் வாசிப்பாள். பிறகு ஒரு கணக்கைப் போடச் சொல்லி விடையைக் கேட்பேன்.

ஆறேழு வாரம் வரைக்கும் அவள் வாயிலிருந்து சரி மிஸ், புரியுது மிஸ் தவிர வேறொன்றும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மட்டும் வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"மிஸ், நாலாம் பக்கத்துல கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கு. திரும்ப அனுப்புங்க."

போனை வைத்துவிட்டுக் கூடத்தில் குதித்தேன். லாட்டரியா விழுந்தது என்று ஜமால் கேட்டார். என் மாணவி என்னிடம் குறை சொல்லிவிட்டாள் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த ஏப்ரலில் எழுதினாள். முடிவு வந்த அன்று விஜயாவின் கடைக்குப் போன் போட்டேன். பின்னால் யாரோ அச்சு எடுக்கும் சத்தம் கேட்டது.

"பாஸ் மிஸ். அம்பத்தெட்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது என்றே நம்பினேன். "இனிமே என்ன, பி.எட். சேந்துடலாம். தாளாளர்கிட்ட நான் பேசறேன்" என்றேன்.

"சேந்துடலாம் மிஸ். ரொம்ப நன்றி மிஸ்."

அந்தக் குரலை நான் பதினோரு முறை வாசித்திருக்கிறேன். முன்பு என்றால் சந்தோஷம் என்று சொல்லிப் போனை வைத்திருப்பேன்.

"செல்வராணி, இருக்கறத சொல்லு."

"சொன்னா நீங்க கஷ்டப்படுவீங்க."

"பரவால்ல. சொல்லு."

பிறகு சொன்னாள்.

"அந்த சீட்ட அந்த வருஷமே வேற புள்ளைக்குக் குடுத்துட்டாங்க மிஸ். அப்புறம் வருஷா வருஷம் அந்தந்த வருஷம் முடிச்ச புள்ளைக்குத்தான். அரியர் வச்சவங்களுக்குக் கெடையாது. அப்பா குடுத்த மூணு வருஷமும் முடிஞ்சுபோச்சு. ஆவணியில எனக்குக் கல்யாணம். தட்டு மாத்தியாச்சு. நீங்க பேசறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏம்மா இவ்வளவு பாடுபட்டு எழுதுன?"

"நான் மக்கு இல்லன்னு எனக்குத் தெரியணும் மிஸ். இப்பத் தெரிஞ்சிருச்சு. அன்னிக்கு நீங்க அனுப்புனது ஒழுங்கா வந்திருந்தா, அப்பவே பாஸாயிருப்பேன். இந்நேரம் டீச்சராயிருப்பேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. நாலாம் பக்கத்தில் ஒரு வரி வெட்டுப்பட்டிருப்பதைச் சொன்னது போலத்தான் சொன்னாள்.

"ஆமாம்மா" என்றேன்.